மெஷினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை இது நடந்தது. இடம், ராஜபாளையத்தில் சி.என்.சி. மெஷின் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கணினியில் படம் வரைந்து, கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று எழுதி அனுப்பினால் மெஷின் தானாக இரும்பைச் சீவித் தரும். நாம் செய்ய வேண்டியது, இரும்பை ஆடாமல் அசையாமல் பிடித்து வைப்பதும், சீவி முடித்த பிறகு அளந்து பார்ப்பதும்தான். அந்தப் பிடித்து வைக்கிற சின்ன வேலையில்தான் நான் கோட்டை விட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தேன். கணவர் தவறி நாலு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பதினோரு வருடம் நூற்பாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். புது மெஷின்கள் வந்ததும் எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். பிளவக்கல் அணைப் பக்கம் அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணனும் மதினியும் தங்கமானவர்கள். "இங்க வந்து இருத்தா, ஒரு வாய்ச் சோறு எங்களுக்குப் பாரமா?" என்று போனிலேயே கேட்டார்கள். எனக்கு அந்த ஒரு வாய்ச் சோறுதான் பயம். அடுத்தவர் அடுப்படியில் யாரும் எதுவும் சொல்லாமலேயே தட்டு கழுவிக்கொண்டு கிடக்க வேண்டிவரும். பயிற்சி முடிந்து மார்கழிக்குள் வேலை கிடைக்கவில்லை என்றால் வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

வகுப்பில் இருபத்துமூன்று பேர். இருபத்தொரு பேர் பையன்கள், எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. மீதி இரண்டு பேர், நானும் இன்னொரு பெண்ணும். அவளுக்கு இருபத்துநாலு இருக்கும். ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். எங்களுக்குச் சொல்லித்தந்த ஸாருக்கே இருபத்தெட்டு வயதுதான், என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். பையன்கள் முதல் வாரம் அக்கா என்றார்கள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் பேசுகிற விளையாட்டும் கேலியும் எனக்கு ஒட்டாது. நான் மில் கதை சொன்னால் அவர்களுக்குக் கொட்டாவி வரும். குற்றம் யார் மேலும் இல்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது எல்லோர் மேலும் குற்றம் கண்டேன்.

மதியம் கம்ப்ரஸர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில், பேச ஆள் இல்லாதது அவ்வளவாக உறைக்காது. அந்தப் பெண் எதிரே மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாகத் தன் அம்மாவிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். பேச்சுக்கு நடுவில் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், ஏதோ சொல்லுவாள், சிரிப்பாள். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. என்னைத்தான் ஏளனம் செய்கிறாள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். நான் கொஞ்சம் ரோஷக்காரி. முடிவு கட்டிவிட்டால் அதை அவிழ்க்கத் தெரியாது.

சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். போன் அடித்தால் ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கம்பெனிக்காரன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் இரவு வரை ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை கண்டக்டரிடம் "ராஜபாளையம் ஒண்ணு" என்று சொல்லும்போது என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்கும்.

அதனாலோ என்னவோ, இரும்பைச் சீவுகிற அந்த மில்லிங் மெஷினோடு நான் மிகவும் ஒட்டிப்போனேன். சூடு தணிக்கிற கூலன்ட் ஊற்றும்போது "தாகமா இருக்கா?" என்று கேட்பேன். யாராவது பார்த்தால் இருமுவதுபோல் நடிப்பேன். கண்ணாடிக் கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், வெள்ளையாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு அது பாட்டுக்கு வேலை பார்க்கும். நான் சொன்னதைக் கேட்கும், சொல்லாததைக் கேட்காது. இதைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

விடுமுறைக்கு முந்தின நாள் பயிற்சி நிலையத்தில் பூஜை. பையன்கள் தோரணம் கட்டினார்கள், சிலருடைய வீட்டு ஆட்கள்கூட வந்திருந்தார்கள். ஸார் முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிவிட்டார். "சந்தனம் குங்குமம் எல்லாம் மெஷின் கதவுல, மேல் மூடியில மட்டுந்தான். உள்ள ஒரு பொட்டு பாத்தேன், வச்ச ஆளு அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்." அவர் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. மெஷினுக்கு உள்ளே எல்லாம் தலைமுடி கனத்தில் கணக்குப் பார்க்கிற இடம். காய்ந்த சந்தனம் ஒரு துளி இருந்தாலும் அளவு தவறிவிடும்.

எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மில்லில் பதினோரு வருடமும் நான் ஓட்டிய நூல் சுற்றும் கதிர் ஒவ்வொன்றுக்கும் என் கையால் பொட்டு வைத்துப் பழக்கம். கதவில் வைப்பது ஊருக்குப் பொதுவான பொட்டு, நான் தினம் கை வைத்து வேலை பார்ப்பது உள்ளேதானே என்று ஓர் எண்ணம். வெளியே எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நான் மட்டும் மெஷின் அருகில் நின்றேன். சட்டென்று கதவைத் திறந்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் தாடையில் ஒரு பொட்டு வைத்தேன். வைஸுக்குள் இரும்புக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒரே உயரத்தில் இரண்டு பட்டைகள் உண்டு, பேரலல் என்போம். நான் எப்போதும் எடுக்கும் ஜோடி பக்கத்துத் தட்டில் நின்றது. அதில் ஒன்றின் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்தேன். மற்றதற்கு வைக்கக் கிண்ணத்தில் சந்தனம் இல்லை. திங்கட்கிழமை ஸார் வருவதற்கு முன்னால் வந்து துடைத்துவிடலாம் என்று கதவைச் சாத்தினேன்.

அந்தத் திங்கட்கிழமை சாதாரணத் திங்கட்கிழமை இல்லை. பக்கத்தில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து மூன்று மணிக்கு ஆள் வருவதாக இருந்தது. மில்லிங் மெஷினில் ஒரு பெண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று அவர்களுக்கு யோசனை. ஒரே ஓர் இடம். இருப்பதோ நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஓர் இரும்புக் கட்டியை நாலு மூலையும் சரியாக இருபது மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவித் தர வேண்டும். எனக்குப் பத்து மணி, அவளுக்குப் பதினொன்றரை மணி.

அன்று பார்த்துப் பஸ் தாமதம். ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைந்தால், அவள் என் மெஷின் கதவைத் திறந்து, குனிந்து, வைஸுக்குள் கையை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் படக்கென்று நிமிர்ந்தாள். கையில் இருந்ததைச் சுருட்டிப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விறுவிறுவென்று போய்விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். தாடையில் என் பொட்டைக் காணோம். அவள் செய்தாளோ, விடுமுறையில் மெஷினைச் சுத்தம் செய்ய வந்தவர் செய்தாரோ, எப்படியோ தொலைந்தது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தட்டில் இருந்த பட்டையின் ஞாபகம் வரவே இல்லை. எனக்குள் ஓடியது எல்லாம், இவள் எதற்கு இங்கே கை விட்டாள் என்பதுதான்.

பட்டைகளை வைக்கும் முன்னால் துடைத்து, இரண்டு விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இது முதல் வாரப் பாடம். அன்று தடவவில்லை. மனம் முழுக்க அவள் மேல் இருந்தது. கட்டியை வைத்து, இறுக்கி, நைலான் சுத்தியலால் தட்டினேன். அடியில் இருந்த பட்டைகளில் ஒன்று லேசாக ஆடியது. ஆடினால் கட்டி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. போதும் என்று பொத்தானை அழுத்தினேன்.

முடித்து எடுத்து, ஸார் முன்னால் அளந்தேன். மூன்று மூலை ஏறக்குறைய சரி. நாலாவது மூலை ஒரு தலைமுடி கனத்துக்கு மேல் தப்பு. ஸார் மறுபடி அளந்தார். தலையை ஆட்டினார். அண்ணன் வீட்டு அடுப்படி கண் முன்னால் வந்தது.

அடுத்து நான் செய்ததை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. இருபத்தொரு பையன்களும் சுற்றி நிற்க, அவளை நோக்கிக் கையை நீட்டினேன்.

"ஏட்டி, காலையில என் வைஸுக்குள்ள என்னத்தடி போட்ட? இந்த வேலைக்காக இம்புட்டு செய்வியா நீ?"

கட்டிக்கு அடியில் ஓர் இரும்புச் சீவல் சிக்கினாலும் இப்படித்தான் அளவு தப்பும். எல்லோருக்கும் அது தெரியும். அவள் முகம் வெளுத்துப்போனது. ஸார் கேட்டார், கை விட்டாயா என்று. "விட்டேன் ஸார். தொடச்சேன்" என்றாள். உன் மெஷின் நேரம் பதினொன்றரை, ஒன்பதரைக்கு ஏன் துடைத்தாய் என்று கேட்டார். பதில் இல்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்தவர் பிடித்து வைக்கிற வேலையில் கை வைத்தவரை மெஷினில் நிற்க விட முடியாது, இன்று தேர்வு கிடையாது, வீட்டுக்குப் போ என்று ஸார் சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழாததையும் அவள் திமிர் என்றே கணக்கில் சேர்த்தேன்.

எனக்கு இன்னொரு கட்டி கொடுத்தார்கள். மெஷினை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு ஆரம்பியுங்கள் என்றார் ஸார். பட்டைகளை வெளியே எடுத்துத் துடைத்தேன். இந்தத் தடவை விரலால் தடவினேன். முதல் பட்டை வழுவழுவென்று இருந்தது. இரண்டாவதில், ஓர் ஓரத்தில் விரல் தட்டியது. திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஒரு சின்ன மேடு. நகத்தால் சுரண்டினேன். உள்ளே மஞ்சளாக இருந்தது. மூக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, வாசனை தானாக வந்தது.

நான் வைத்த பொட்டு. மூன்று நாள் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

அப்போதே ஸாரிடம் ஓடினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் ஓடவில்லை. சுற்றிப் பார்த்தேன். பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸார் தன் அறையில் இருந்தார். மிச்சச் சந்தனத்தையும் நகத்தால் வழித்து, பட்டையை எண்ணெய் போட்டுத் துடைத்து, வைஸில் வைத்து, கட்டியை ஏற்றி, தட்டினேன். இரண்டும் ஆடவில்லை. கதவைச் சாத்தினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

அந்த நாற்பது நிமிடம் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றேன். வழக்கமாக அதனிடம் ஏதாவது பேசுவேன். அன்று வாய் வரவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் தனியாக இருந்தது அந்த நாற்பது நிமிடம்தான். கணவர் போன அன்றுகூட நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இங்கே என்னோடு நிற்க எனக்கே பிடிக்கவில்லை.

கட்டி வெளியே வந்தது. நாலு மூலையும் அச்சாக இருபது. ஸார் அளந்துவிட்டு, "இதுதான்க்கா உங்க கை" என்றார். சந்தோஷப்படவும் முடியாமல், கையைத் துடைத்த கழிவு நூலைப் போடக் குப்பைத் தொட்டிக்குப் போனேன். மெஷின் துடைக்க மில்லில் கழித்துப்போடும் நூல்தான் வரும், உருண்டை உருண்டையாக. நானே பதினோரு வருடம் கழித்துப்போட்ட சாமான் அது. தொட்டியில் மேலாக ஓர் உருண்டை கிடந்தது. அதில் எண்ணெய்க் கறையோடு மஞ்சளாக ஒரு சந்தனத் தீற்றல் இருந்தது.

அதைக் கையில் எடுத்தேன். காலையில் அவள் பின்னால் மறைத்தது இதுதான். தாடையில் இருந்த என் பொட்டைத்தான் துடைத்திருக்கிறாள், ஸார் கண்ணில் பட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று. ஏன் துடைத்தாய் என்று கேட்டபோது அவள் உண்மையைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். அதனால்தான் பதில் இல்லை. அவள் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை, நீங்களாகச் சொல்லுங்கள் என்ற பார்வை.

அதற்கு மேல் கால் நிற்கவில்லை. அந்தக் கழிவு நூலோடு ஸார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம் வைத்தது, தடவாமல் விட்டது, பட்டை ஆடியும் பொத்தானை அழுத்தியது, கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொண்டு ஓட்டியது எல்லாம். "வயசுல மூத்தவங்க நீங்க. உங்கள என்னன்னுக்கா ஏசுறது?" என்றார். ஏசியிருந்தால் தேவலை. அவள் எண்ணுக்குப் போன் போட்டார், அணைத்து வைத்திருந்தாள். "மூணு மணிக்கு ஆள் வருது. நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க" என்று பதிவேட்டைப் பார்த்து முகவரி சொன்னார்.

பழைய பேருந்து நிலையத்தைத் தாண்டி ஒரு சந்தில் அவள் வீடு. ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். அவள் அம்மா திறந்தார். உள்ளே முழுக்க வெள்ளை வெளேரென்று காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அதைச் சுருட்டிக் கொடுப்பதுதான் வீட்டு வேலை போலிருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. அம்மாவுக்கு நடந்தது எதையும் அவள் சொல்லியிருக்கவில்லை.

"ராம்மா, உள்ள வா" என்றார் அந்த அம்மா, தெலுங்கும் தமிழுமாக. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீதான் அந்த மொச்சக்கொட்டை அக்காவா? இன்னைக்கும் மொச்சக்கொட்டைதாம்மா கொண்டாந்திருக்காவ, இன்னைக்கும் தனியாத்தாம்மா உக்காந்திருக்காவன்னு தெனம் போன்ல சொல்லுவா. கூப்பிட்டுப் பக்கத்துல வச்சுக்கோ பிள்ளைன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

ஆறு மாதமாக நான் ஏளனம் என்று நினைத்த தெலுங்குப் பேச்சு இதுதான். நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் சொன்னேன், நான்தான், பட்டையிலும் ஒரு பொட்டு வைத்திருந்தேன், துடைக்கவில்லை, தடவவும் இல்லை என்று. மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அவள் கையில் இருந்த சுருளை வைத்துவிட்டு, "பேரலல்லயுமா? நான் வைஸ்ல மட்டுந்தான் பாத்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த விளிம்புலக்கா?" என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் அவள் புத்தி தொழிலுக்குத்தான் போனது. காட்டினேன். "அதான் ஒரு மூலை மட்டும் போயிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சரி, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவளுக்குக் கோபம் மெதுவாகத்தான் வந்தது, வந்தபோது நன்றாகவே வந்தது. "அம்புட்டுப் பேருக்கு முன்னால கேக்குறதுக்குப் பதிலா, எங்கிட்ட ஒரு வார்த்தை தனியா கேட்டிருக்கலாம்லக்கா? ஆறு மாசத்துல நீங்களா எங்கிட்டப் பேசுனது இன்னைக்குத்தான். அதுவும் இப்படி. முதல் நாள் பக்கத்துல வந்து உக்காந்து, எந்த ஊருக்கான்னு கேட்டேன். 'படிக்க வந்தியா, ஊரு விசாரிக்க வந்தியா'ன்னீங்க. அதுக்கப்புறம் எனக்குப் பயம்."

அந்த வார்த்தையை நான் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. அன்று எனக்கும் பயம்தான், புது இடம், வயசுக்கு ஒவ்வாத வகுப்பு என்று. பயத்தில் கடித்து வைத்திருக்கிறேன். நம்மை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஆறு மாதம் புலம்பியவள், சேர வந்த ஒருத்தியை முதல் நாளே விரட்டிவிட்டிருக்கிறேன்.

ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். "கிளம்பு, நேரம் ஆகுது" என்று அம்மாதான் அவளை எழுப்பிவிட்டார். வழியெல்லாம் அவள் ஆட்டோவின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போன உடனே ஸார் அவளை மெஷினில் நிறுத்தினார். பையன்கள் எல்லோரும் மறுபடி சுற்றி நின்றார்கள். காலையில் எத்தனை பேர் முன்னால் கை நீட்டினேனோ, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், தப்பு என்னுடையது, சந்தனம் வைத்தது நான், இந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் துடைத்தாள் என்று. ஒரு பையன் மட்டும் "விடுங்கக்கா" என்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் பட்டைகளைத் துடைத்தாள். ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவினாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

கம்பெனியிலிருந்து வந்தவர் செத்த நேரம் காத்திருந்து அவள் கட்டியையும் வாங்கி அளந்தார். இரண்டு பேருடையதும் அளவு சரி. பதிவேட்டைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏன் இரண்டு கட்டி கொடுத்தீர்கள் என்று ஸாரிடம் கேட்டார். ஸார் என்னைப் பார்த்தார். நானே சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை, அவளை எடுத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

மறுநாள் மதியம் நான் சோற்றுப் பாத்திரத்தோடு கம்ப்ரஸர் பக்கம் போகாமல் மாடிப்படிக்குப் போனேன். "உக்காரவா?" என்று கேட்டேன். அவள் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் மொச்சக்கொட்டையா?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, அவள் பார்க்காததுபோல் சாப்பிட்டாள்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள் சேர்ந்து சாப்பிட்டோம். அப்புறம் அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

மார்கழியில் நான் சொன்னபடி அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதம் தட்டும் கழுவினேன். அப்புறம் ஸார் போன் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமே ஒரு சின்னப் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள் என்றார். இன்று வரை அங்கேதான் மெஷின் ஓட்டுகிறேன். அவள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், அங்கும் மில்லிங் மெஷின்தான். எப்போதாவது பேசுவோம். அவளுக்கு நேரம் இருக்காது, நானும் தொந்தரவு செய்வதில்லை. வருடா வருடம் ஆயுத பூஜை அன்று மட்டும் என் மெஷினை ஒரு போட்டோ எடுத்து அனுப்புவேன். பொட்டு கதவில் மட்டும் இருக்கும். "உள்ள?" என்று பதில் வரும். "உள்ள ஒண்ணும் இல்லை" என்று அனுப்புவேன்.

பட்டறையிலும் மதியச் சாப்பாட்டுக்கு நான் தனிதான், வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாலும் தனிதான். அது பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. பட்டைகளைத் துடைத்து விரலால் தடவும்போதெல்லாம், ஆறு மாதம் எதிரே படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்த ஒரு துணையை நாலு நாளோடு முடித்துக்கொண்டவள் நான்தான் என்பது, அந்தச் சந்தனப் பொட்டைப் போலவே இன்னும் விரலில் தட்டுகிறது.